ஜூலைப் பிற்பகலில் கோயம்புத்தூரில் இறங்கலாமா? ஒரு பயிற்சி விமானியின் தந்தைக்கு விரிவான பதில்

வணிக விமானி உரிமத்துக்காகப் பயிற்சி பெற்றுவரும் உங்கள் மகன், ஜூலை மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானத்தைத் தனியே ஓட்டிக்கொண்டு கோயம்புத்தூரில் வந்து இறங்கத் திட்டமிட்டிருக்கிறார் என்றும், அந்த மாதங்களில் பெரிய பயணிகள் விமானங்களே அங்கே குலுங்கிக்கொண்டு இறங்குவதைப் பலமுறை அனுபவித்திருப்பதால் உங்களுக்குக் கவலையாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கோயம்புத்தூரின் வானிலை விமானிகளுக்கு எப்படிப்பட்டது, அவர் எதையெல்லாம் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். விமானிப் பயிற்சி மாணவர்களுக்கு வானிலையியல் பாடம் எடுப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பயணம் தவறில்லை, நேரம்தான் தவறு. அதே நாளின் காலையில் வந்து, பத்து மணிக்குள் இறங்கிவிடும்படி திட்டத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் புவியியலிலிருந்து தொடங்க வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலை தென்னிந்தியாவின் மேற்குக் கரையோரமாக ஏறத்தாழ இடைவெளியில்லாமல் நிற்கிறது. அந்தச் சுவரில் உள்ள ஒரே பெரிய திறப்பு பாலக்காட்டுக் கணவாய். வடக்கே 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவைக் கொண்ட நீலகிரி, தெற்கே 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியைக் கொண்ட ஆனைமலைத் தொகுதி, இரண்டுக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் தாழ்ந்த நிலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில்தான் மிக வேகமாக ஓடுகிறது. அந்த உயரத்தில் மலைகள் காற்றை மறிப்பதால், மறிக்கப்பட்ட காற்று கணவாய்க்குள் நெருக்கப்பட்டு, வேகம் கூடி, கிழக்கே கொங்குச் சமவெளியில் வந்து விரிகிறது. பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதும் இந்தக் காற்றை நம்பித்தான். கோயம்புத்தூர் விமான நிலையம் கணவாயின் கிழக்கு வாய்க்குச் சற்று வடகிழக்கே, பீளமேட்டில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 அடி உயரத்தில் இருக்கிறது.

மழையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. தென்மேற்குப் பருவம் என்றாலே பெருமழை என்று நினைத்துக்கொள்கிறார்கள். மலைக்கு அந்தப் புறம் கேரளத்தில் அது உண்மை. இந்தப் புறம் மழை மறைவுப் பகுதி. கோயம்புத்தூரின் ஆண்டு மழை 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கிறது, அதிலும் பெரும்பகுதி அக்டோபர், நவம்பரில் பெய்கிறது. ஆகவே ஜூலையில் கோயம்புத்தூரில் விமானி எதிர்கொள்வது மழையைவிடப் பெரிதும் காற்றையும், அந்தக் காற்று சுமந்து வரும் தாழ்ந்த முகிலையும்தான்.

இந்தக் காற்றுக்கு ஒரு நாள் ஒழுங்கு உண்டு. இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துத் தங்கிவிடுகிறது. மேலே ஓடும் வேகமான காற்று அதன் மீது வழுக்கிச் செல்கிறதே தவிர, முழு வேகத்தோடு கீழே இறங்குவதில்லை. காலை வெயில் ஏறத் தொடங்கியதும் தரை சூடாகிறது, காற்று குமிழ்களாக மேலெழுகிறது, எழுந்த இடத்தை நிரப்ப மேலிருக்கும் வேகமான காற்று கீழே வருகிறது. இந்தக் கலப்பு முற்பகலில் தொடங்கிப் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு உச்சத்தை அடைகிறது. காலை ஏழு மணிக்கு 8 நாட் வேகத்தில் சீராக வீசிய காற்று, பிற்பகலில் 18 நாட் வேகத்தில் வீசி, இடையிடையே 30 நாட் வரை எகிறுவதற்குக் காரணம் இதுதான். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். பருவக்காற்று மிகவும் வலுத்திருக்கும் சில நாள்களில் இரவிலும் காற்று அடங்காது. அப்படிப்பட்ட நாளில் காலைப் பயணத்துக்கும் அந்த வாரத்தில் இடமில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, உங்கள் மகன் கையில் இருக்கப்போகும் தகவலுக்கு வருகிறேன். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் விமான வானிலைப் பிரிவு, நிலையத்தின் அப்போதைய நிலவரத்தைக் குறியீட்டு வடிவில் மெட்டார் என்ற அறிக்கையாகத் தருகிறது. நிலவரம் சட்டென மாறினால் இடையிலேயே ஸ்பெஸி என்ற சிறப்பு அறிக்கை வரும். அடுத்த பல மணி நேரத்துக்கான முன்னறிவிப்பு டாஃப் எனப்படும். இவற்றின் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும் என்பதால், ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். பயிற்சியின் தொடக்கத்தில் மாணவர்கள் பழைய அறிக்கையைப் புதியதென்று எடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் நேர்கிறது.

பிற்பகல் அறிக்கையில் காற்று '25018ஜி30கேடி' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். உண்மை வடக்கிலிருந்து அளந்த 250 பாகைத் திசையிலிருந்து, பத்து நிமிடச் சராசரியாக 18 நாட் வேகத்தில் காற்று வருகிறது, வீச்சு, அதாவது இடையிடையே எகிறும் வேகம், 30 நாட் வரை எட்டியிருக்கிறது என்பது இதன் பொருள். கோயம்புத்தூரின் ஓடுதளம் 05, 23 என்ற இரு முனைகளைக் கொண்டது, அதாவது வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. இந்தக் காற்றுக்கு 23-ஆம் முனையில்தான் இறங்குவார்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் நம் பகுதியில் வேறுபாடு ஓரிரு பாகைதான் என்பதால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 23 என்ற எண் 230 பாகைத் திசையைக் குறிக்கிறது. ஓடுதளம் 230, காற்று 250, இடையே 20 பாகை. அதன் சைன் மதிப்பு 0.34. எனவே ஓடுதளத்துக்குக் குறுக்கே தள்ளும் பங்கான குறுக்குக்காற்று சராசரியில் 6 நாட், வீச்சில் 10 நாட். செஸ்னா 172-க்குச் சோதனையில் காட்டப்பட்ட குறுக்குக்காற்று அளவு 15 நாட். கணக்கு எல்லைக்குள் இருக்கிறது.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. குறுக்குக்காற்று எல்லைக்குள் இருப்பதால் நிலைமை எளிது என்று மாணவர் முடிவுகட்டிவிடுவார். கோயம்புத்தூரின் ஓடுதளம் பருவக்காற்றின் திசையிலேயே கிடப்பதால், அங்கே ஜூலையில் குறுக்குக்காற்று பெரும்பாலும் சிக்கலாவதில்லை. சிக்கல் 18-க்கும் 30-க்கும் இடையில் இருக்கிற அந்த 12 நாட்டில் இருக்கிறது. இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசை, அதன் மீது பாயும் காற்றின் வேகத்தின் இருபடியைப் பொறுத்தது. செஸ்னா 172 ஏறத்தாழ 65 நாட் வேகத்தில் தரையை அணுகும். அந்த வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு எதிர்க்காற்று ஒரே நொடியில் 12 நாட் குறைந்தால், அதன் தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. ஓடுதளத்துக்கு மேலே 30 அடி உயரத்தில் அது நிகழ்ந்தால் திருத்திக்கொள்ள நேரம் மிகக் குறைவு. வீச்சுக்கும் சராசரிக்கும் உள்ள வேறுபாட்டில் பாதியை அணுகு வேகத்தோடு கூட்டிக்கொள்வது நடைமுறை. இங்கே 6 நாட் கூட்டி 71 நாட் வைத்துக்கொள்ளலாம். ஓடுதளம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளம் என்பதால், கூடுதல் வேகத்தால் இடம் போதாமல் போகும் என்ற கவலை சிறிய விமானத்துக்கு இல்லை.

காற்றின் திசை மேற்காகச் சற்றே திரும்பினால் மேலே சொன்ன கணக்கே மாறிவிடும் என்பதையும் அவர் தானே போட்டுப் பார்க்க வேண்டும். அதே 18 நாட், 30 நாட் வீச்சு 280 பாகையிலிருந்து வந்தால் இடைக்கோணம் 50 பாகை, குறுக்குக்காற்று சராசரியில் 14 நாட், வீச்சில் 23 நாட். திசை முப்பது பாகை மாறியதும் அதே காற்று ஒரு பயிற்சி மாணவர் தொடக்கூடாத காற்றாகிவிடுகிறது. பயிற்சி நிறுவனங்கள் தனிப்பறப்புக்கு விமானத்தின் கையேட்டு அளவைவிடக் குறைந்த எல்லையைத்தான் வைக்கும், அந்த எல்லையையே அவர் கடைசிச் சொல்லாகக் கொள்ள வேண்டும்.

இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எதிர்க்காற்றில் நல்லபடியாக இறங்கிய சிறிய விமானம், ஓடுதளத்தை விட்டு விலகி இணைப்புப் பாதையில் திரும்பும்போது அந்த முழுக் காற்றையும் பக்கவாட்டில் வாங்குகிறது. நிறுத்துமிடம் நோக்கி மீண்டும் திரும்பினால் பின்பக்கமாகவும் வாங்கலாம். மேலே இறக்கை கொண்ட, ஆயிரம் கிலோவை ஒட்டிய எடையுள்ள விமானத்தைப் பின்பக்க மூலையிலிருந்து வரும் 30 நாட் வீச்சு கவிழ்க்கக்கூடும். எதிர்ப்பக்கக் காற்றில் காற்று வரும் பக்கத்து இறக்கையின் எய்லரானை (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) உயர்த்தியும், பின்பக்கக் காற்றில் அதைத் தாழ்த்தியும் பிடித்துக்கொண்டு, நடக்கும் வேகத்தில் செல்ல வேண்டும். நிறுத்தியதும் விமானத்தைக் கட்டிப்போட வேண்டும். இது பாடத்தில் உள்ளதுதான். ஆனால் இறங்கிவிட்ட நிம்மதியில் கை தளர்வது இயல்பு. ஆகவே கோயம்புத்தூரில் பறப்பு முடிவது நங்கூரக் கயிறு கட்டிய பிறகுதான் என்று அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

அடுத்தது முகில். ஜூலையில் கணவாய் வழியாகத் தாழ்ந்த அடுக்குத் திரள் முகில்கள் வரும், அவற்றின் அடிப்பகுதி நிலையத்துக்கு மேல் 1,500 முதல் 2,500 அடியில் இருப்பது வழக்கம். வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, ஒன்றிரண்டு பங்கு முகிலை ஃப்யூ என்றும், மூன்று நான்கை ஸ்கேட்டர்டு என்றும், ஐந்து முதல் ஏழு வரை இருந்தால் புரோக்கன் என்றும், முழுவதும் மூடியிருந்தால் ஓவர்காஸ்ட் என்றும் அறிக்கை சொல்லும். பாதிக்கு மேல் மூடிய மிகத் தாழ்ந்த அடுக்கின் உயரமே கூரை உயரம் எனக் கொள்ளப்படும். உங்கள் மகன் வெளிப்பார்வையை நம்பிப் பறக்கும் விஎஃப்ஆர் விதிகளின் கீழ் வருவார். கூரை 1,500 அடிக்குக் கீழே இருந்தாலோ, தரைப் பார்வைத் தூரம் 5 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தாலோ, தனி அனுமதி இல்லாமல் நிலையத்தைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் அவர் இறங்கவோ ஏறவோ முடியாது. சூரியன் மறைந்த பின் விஎஃப்ஆர் பயணத்துக்கு இந்தியாவில் பொதுவாக அனுமதியில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிற்பகலில் வந்து, காற்று அடங்கட்டும் என்று காத்திருந்து, மாலையில் திரும்பலாம் என்ற திட்டம் இந்த இரண்டு விதிகளுக்கும் இடையில் சிக்கிக்கொள்ளும்.

அறிக்கையில் முகிலின் உயரம் நிலையத்தின் தரையிலிருந்து சொல்லப்படுகிறது, விமானியின் உயரமானி க்யூஎன்எச் எனப்படும், கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தத்தில் வைக்கப்பட்டிருக்கும்போது கடல் மட்டத்திலிருந்து காட்டுகிறது. 2,000 அடியில் புரோக்கன் என்றால், முகிலின் அடி கடல் மட்டத்திலிருந்து 3,300 அடியில் இருக்கிறது. மேற்கே போளுவாம்பட்டிப் பக்கத்து மலைகளும் வெள்ளிங்கிரியும் அதைவிட மிக உயர்ந்தவை, ஆகவே அந்நாளில் மலைகளின் மேற்பகுதி முகிலுக்குள் மறைந்திருக்கும். கணவாய் தாழ்வானது, நடுவே நுழைந்து பாலக்காடு பக்கம் போய்விடலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். மதுக்கரை, வாளையார் நோக்கிப் போகப் போக முகில் தாழ்ந்து, மழை தொடங்கி, இருபுறமும் மலை நெருங்கி, திரும்ப இடமில்லாத நிலை வரும். தென்மேற்குப் பருவத்தில் விஎஃப்ஆர் பயணம் கணவாய்க்குள் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவருடைய பாதை கிழக்கிலிருந்து, திருச்சி அல்லது சேலம் பக்கமிருந்து வருவதாக இருந்தால் இந்தச் சிக்கல் எழாது.

கிழக்கிலிருந்து வரும்போது வேறொன்றைக் கவனிக்க வேண்டும். சூலூர் விமானப்படைத் தளம் கோயம்புத்தூர் நிலையத்துக்குக் கிழக்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கிறது, அதன் ஓடுதளமும் ஏறத்தாழ அதே திசையில் கிடக்கிறது. புழுதி கலந்த மங்கலில், குலுங்கும் சிறிய விமானத்தில், முதன்முறையாக வரும் ஒருவருக்கு முதலில் கண்ணில் படும் ஓடுதளம் தான் தேடி வந்ததாகவே தோன்றும். இறுதி அணுகலுக்கு முன் நகரத்தின் இருப்பையும், வழிகாட்டிக் கருவி காட்டும் தூரத்தையும் ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இப்போது நீங்கள் அனுபவித்த குலுக்கலுக்கு வருகிறேன். 23-ஆம் முனையில் இறங்கும் பயணிகள் விமானம் அவிநாசிப் பக்கத்துச் சமவெளியின் மேல் வருகிறது. மலையின் மேலும் கணவாயின் விளிம்புகளிலும் மோதி வந்த காற்று, அணைக்குக் கீழே ஆறு சுழிப்பதுபோல, மலைக்குக் கிழக்கே அலையும் சுழலுமாகப் பல கிலோமீட்டர் தொடர்கிறது. அதோடு பிற்பகல் வெயிலின் மேலெழு காற்றும் சேர்கிறது. விமானம் அந்த அடுக்குக்குள் இறங்கும் கடைசிப் பத்து நிமிடம் குலுங்குகிறது. பயணிகள் விமானத்தின் கட்டமைப்பு, புவியீர்ப்பின் இரண்டரை மடங்கு சுமையைச் சேதமின்றித் தாங்கும்படியும், அதற்கு மேலும் ஒன்றரை மடங்கு வரை உடையாமல் நிற்கும்படியும் சான்றளிக்கப்படுகிறது. நடுத்தரம் என்று வகைப்படுத்தப்படும் குலுக்கலில் சுமை மாற்றம் பெரும்பாலும் புவியீர்ப்பின் பாதி முதல் ஒரு மடங்கு அளவில்தான் இருக்கும். எனவே இருக்கை வார் கட்டியிருக்கும் பயணிக்கு அது அசௌகரியமே தவிர ஆபத்தாவதில்லை. அது அணுகலை நிலையற்றதாக்கினால் விமானி மீண்டும் மேலேறிச் சுற்றி வருவார். அந்தக் கோ அரவுண்டைப் பயணிகள் பலர் தோல்வி என்று எண்ணி அஞ்சுகிறார்கள். அதைச் செய்யும் விமானி தன் வேலையைச் சரியாகச் செய்கிறார்.

சொல்லப்போனால், பயணிகள் விமானங்களுக்குக் கோயம்புத்தூரின் கடினமான காலம் காற்று வீசும் ஜூலையே அல்ல என்பேன். அக்டோபர் இறுதி முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமே அது. ஐஎல்எஸ் எனப்படும் கருவித் தரையிறக்க வசதி 23-ஆம் முனைக்குத்தான் இருக்கிறது. முதல் வகை ஐஎல்எஸ் அணுகலில் விமானி, முகில் 200 அடி வரை தாழ்ந்திருந்தாலும் கருவியை நம்பி இறங்கி வந்து அங்கே முடிவெடுக்கலாம். தென்மேற்குப் பருவத்தில் காற்றும் அந்த முனைக்கு நேரே வீசுகிறது, முகிலும் மிகவும் தாழ்வதில்லை, எல்லாம் ஒத்துப்போகிறது. வடகிழக்குப் பருவத்தில் காற்று எதிர்த்திசைக்குத் திரும்புகிறது. அதற்கு ஏற்ற முனை 05. அங்கே இறங்க விமானம் தென்மேற்கிலிருந்து, மலைப் பக்கமிருந்து, துல்லியம் குறைந்த அணுகுமுறையில் வர வேண்டும். அதில் முடிவெடுக்கும் உயரம் கூடுதல். தாழ்ந்த முகிலும் தூறலும் சேரும் நாளில் அந்த உயரத்தில் ஓடுதளம் தெரியாது. ஐஎல்எஸ் இருக்கும் முனையிலோ பின்காற்று. பல பயணிகள் விமான வகைகளுக்குப் பின்காற்றின் எல்லை 10 அல்லது 15 நாட்.

பின்காற்றை நான் இவ்வளவு பெரிதாகப் பேசக் காரணம் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 7 அன்று இரவு மழையில் கோழிக்கோட்டில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 ஒன்று, முதல் முயற்சியைக் கைவிட்ட பின், எதிர் முனையில் பின்காற்றோடு இறங்கியது. 8,858 அடி நீள ஓடுதளத்தில் ஏறத்தாழ பாதித் தூரத்தை, 4,400 அடிக்கு மேல், கடந்த பிறகே அது தரையைத் தொட்டது. அப்போது பின்காற்று சுமார் 14 நாட். விமானம் மேட்டு ஓடுதளத்தின் விளிம்பைத் தாண்டிச் சரிந்து உடைந்ததில் 21 பேர் இறந்தார்கள். கோழிக்கோடு நமக்கு மலைக்கு அந்தப் புறம்தான். தரையைத் தொடும்போது விமானத்தின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருபடியாகப் பெருகுகிறது, தரைவேகம் பத்து சதவீதம் கூடினால் நிறுத்த வேண்டிய ஆற்றல் இருபத்தொரு சதவீதம் கூடுகிறது. ஈர ஓடுதளத்தில் அதைத் தணிக்க பிரேக்குக்குக் கிடைக்கும் பிடிமானமும் குறைவு. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த இரவு சான்றாக இருக்கிறது.

கோடை வேறு வகை. மார்ச் முதல் மே வரை பிற்பகலிலும் மாலையிலும் மலையோரத்தில் கார்முகில் திரண்டு இடியுடன் மழை பெய்யும். அறிக்கையில் இந்த இடிமுகிலைக் குறிக்கும் சிபி என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால், அது எத்தனை பங்கு வானத்தை மூடியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், ஒன்றே போதும். முகிலிலிருந்து திடீரெனக் கீழே கொட்டும் குளிர்காற்று தரையில் மோதி எல்லாத் திசையிலும் பரவும். அதன் ஊடே போகும் விமானத்துக்கு முதலில் எதிர்க்காற்று கூடி வேகம் ஏறும், சில நொடிகளில் அது பின்காற்றாக மாறி வேகம் சரியும். 1975-இல் நியூயார்க்கில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று இறங்கும்போது நொறுங்கியதை ஆராய்ந்த டெட்சுயா ஃபுஜிதாதான் இந்த நிகழ்வைத் தெளிவாக விளக்கினார். இன்று பெரிய விமானங்களில் இதை முன்கூட்டி எச்சரிக்கும் ராடார் உண்டு. பயிற்சி விமானத்தில் கண்தான் ராடார். இடிமுகில் நிலையத்தை நெருங்கினால் அது கடந்து போகும் வரை வேறிடத்தில் இறங்கிக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கோடையின் வெப்பமும் ஒரு காரணி. 38 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கோயம்புத்தூரின் காற்று, விமானத்தின் கணக்கில் 4,400 அடி உயரத்துக் காற்றைப் போல அடர்த்தி குறைந்திருக்கும். செஸ்னாவின் இயந்திரமும் இறக்கையும் அதற்கேற்ப வலுவிழக்கும், ஏறும் வேகம் கண்கூடாகக் குறையும். ஜூலையில் வெப்பம் மிதமாக இருப்பதால் இது அவருக்கு இப்போது பெரிய தடை அல்ல.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தெளிந்த, காற்றற்ற இரவுகளுக்குப் பின் சில விடியற்காலைகளில் பனிமூட்டமோ மூடுபனியோ படரும். பார்வைத் தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே போனால் அறிக்கை அதை மூடுபனி என்று குறிக்கும். முந்தைய மாலை வெப்பநிலைக்கும், காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலையான பனிப்புள்ளிக்கும் உள்ள இடைவெளி சுருங்கிக்கொண்டே வருவதைக் கவனித்தால் ஓரளவு முன்கூட்டியே ஊகிக்கலாம். வெயில் ஏறியதும் கலைந்துவிடும்.

மாற்று விமான நிலையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன எல்லா முடிவுகளையும் எடுக்கும் துணிவு விமானிக்கு எரிபொருளிலிருந்துதான் வருகிறது. பயணிகள் ஜெட் விமானம், சேருமிடத்துக்கும், அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையத்துக்கும் போதுமான எரிபொருளோடு, அதற்கு மேலும் அரை மணி நேரம் வட்டமிடத் தேவையான இருப்பையும் ஏற்றிக்கொண்டே புறப்படும். கோயம்புத்தூருக்கு அருகில் இருக்கும் ஒரு பெரிய நிலையம் கொச்சி, நேர்கோட்டில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். ஆனால் தென்மேற்குப் பருவத்தில் அருகில் இருப்பது நல்ல மாற்று என்று ஆகாது. மலைக்கு இருபுறமும் வானிலை வேறு, பெருமழை கொச்சியில்தான் பெய்துகொண்டிருக்கும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொச்சி நிலையம் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. திருச்சி இன்னும் தொலைவு, சுமார் 185 கிலோமீட்டர், ஆனால் ஜூலையில் அங்கே முகில் தடையாவது அரிது. வடகிழக்குப் பருவத்தில் நிலைமை தலைகீழாகிவிடும். கிழக்குக் கரையில் புயலோ பெருமழையோ வந்து, 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நடந்ததுபோலச் சென்னை நிலையம் மூடப்பட்டால், அங்கே இறங்க வேண்டிய விமானங்கள் மற்ற நிலையங்களுக்குத் திருப்பப்படும். அந்நேரத்தில் மாற்று நிலையத்தின் வானிலை நன்றாக இருந்தாலும் விமானத்தை நிறுத்த இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டி வரும். ஆகவே ஜூலையில் உங்கள் மகன் குறித்துக்கொள்ள வேண்டிய மாற்று, கிழக்கே திருச்சியோ சேலமோ. எது அவர் வரும் வழியில் இருக்கிறதோ அது.

இவ்வளவையும் வைத்து, அவருக்கு நான் சொல்லும் நடைமுறை இது. முந்தைய நாள் பிற்பகலில் கோயம்புத்தூரின் மெட்டார் அறிக்கைகளை மணிக்கு மணி பார்த்து, காற்று எப்போது ஏறத் தொடங்கியது, எந்த மணியில் வீச்சுக் குறியீடு முதலில் தோன்றியது, திசை 260-ஐத் தாண்டி மேற்கே போனதா என்று குறித்துக்கொள்ளட்டும். பருவக்காற்றின் வலு ஓரிரு நாளில் பெரிதாக மாறாது என்பதால், மறுநாளும் ஏறத்தாழ அதே நேரத்தில் அதுவே நிகழும். பயண நாளன்று புறப்படுவதற்கு முன் டாஃப் அறிக்கையில், தான் சேரும் நேரத்துக்கு ஒரு மணி முன்னும் பின்னும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கட்டும், 'டெம்போ' என்று தற்காலிக மாற்றம் குறிக்கப்பட்டிருந்தால் அது தன் தலையில்தான் விடியும் என்று வைத்துக்கொள்ளட்டும். வீச்சு 25 நாட்டைத் தாண்டினாலோ, சராசரிக்கும் வீச்சுக்கும் இடையே 10 நாட்டுக்கு மேல் இருந்தாலோ, கூரை 2,000 அடிக்குக் கீழே இருந்தாலோ திரும்பிவிடுவது என்று தரையிலேயே தன் பயிற்றுநரோடு பேசி எழுதி வைத்துக்கொள்ளட்டும். இவை சட்டத்தின் எல்லைகள் அல்ல, அனுபவம் குறைந்த ஒரு விமானிக்கு நான் வைக்கும் எல்லைகள். சட்டம் அனுமதிப்பது இதைவிடக் கூடுதல்.

வணிக உரிமத்துக்கு வேண்டிய 300 கடல் மைல் தனிப்பயணத்தில் இரண்டு வேறு நிலையங்களில் நிறுத்தி இறங்க வேண்டும் என்பதுதான் விதி. அவற்றில் ஒன்று கோயம்புத்தூராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பயிற்சி அட்டவணையில் இடம் இருந்தால், பிப்ரவரியில் ஒரு நாள், பனிமூட்டம் கலைந்த பின் ஒன்பது மணிவாக்கில் வரும்படி அவர் மாற்றிக்கொள்வதையே நான் விரும்புவேன். அப்போது காற்று மெல்லியது, முகில் உயரத்தில், மலைகள் தெளிவாகத் தெரியும். ஜூலையிலேயே முடித்தாக வேண்டும் என்றால், விடிந்ததும் புறப்பட்டு, காற்று விழிப்பதற்கு முன் இறங்கி, முடிந்தால் அன்றே முற்பகலுக்குள் கிழக்கே திரும்பிவிடட்டும். தாமதமானால் கயிறு கட்டிவிட்டு மறுநாள் காலை வரை அங்கேயே தங்கட்டும். அதற்கான அறை வாடகையை இப்போதே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். பணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மாலைக் காற்றில் புறப்பட வேண்டிய நிலை அவருக்கு வரக்கூடாது.